டெட்

உப்புத் தண்ணியில் ஊறித் தடித்த கொப்பி.
இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அதன் ஓசை,
அடியில் பொருள், எனக்கு விளங்கும் அளவில்.
ஹூவன்வில்லுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம்.

ஸ்மோகோ: பதினைந்து நிமிட ஓய்வு. புகைக்கத் தேவையில்லை.
ஆர்வோ: பின்னேரம். முழுச்சொல்லும் சொல்லப் பஞ்சிப்பட்டவர்கள் விட்ட மிச்சம்.
சாமன்: நாள் முழுக்க என் கத்திக்குக் கீழே கிடக்கும் மீன்.
நடுவில் ஒரு எல் உண்டு, அது பேசாது.
சாமானுக்கு ஒரு காலை முறித்தால் சாமன்
என்று மனதில் வைத்துக்கொண்டேன். மறக்கவில்லை.

இந்தப் பேசாத எழுத்துகளில்தான் எரிச்சல்.
தமிழில் எழுத்தென்று வந்து நின்றால் வேலை செய்யவேண்டும்,
குற்றியலுகரம்கூட அரை மாத்திரைக்கு வாய் திறக்கும்.
இங்கே நைஃபின் வாசலில் ஒரு கே
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.
ரிசீட்டில் ஒரு பி, டெட்டில் இன்னொரு பி.
லிசின் என்றால் கேள்,
அதற்குள்ளேயே ஒரு டி கேட்காது.

ஒரு செவ்வாய், ஸ்மோகோவில், நொரீன் கேட்டாள்:
சனி ஞாயிறும் வேலைக்கு வருகிறாயே, என்ன அவசரம்?
ஒத்திகை பார்த்து வைத்த வசனம். சொன்னேன்:
மை பிரதர்ஸ் டெட்.
அண்ணனின் கடன். என்னைக் கப்பலேற்ற அவன் வட்டிக்கு வாங்கியது.
எஸ்ஸைக்கூட மறக்காமல் போட்டிருந்தேன்.

நொரீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.
செதில் ஒட்டிய ஏப்ரனோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.
கடனுக்கு இவ்வளவு இரங்குகிற நாடா இது
என்று அசையாமல் நின்றேன்.

அடுத்தநாள் என் லொக்கருக்கு முன்னால்
அலுமினியத்தாள் மூடிய கண்ணாடிப் பாத்திரம்,
உள்ளே சீஸ் உருகிய மக்கரோனி.
ஒரு கார்ட். பதினொரு கையெழுத்து.
ஐஸ் அள்ளுகிற டரன், ஒருநாளும் என் முகம் பாராதவன்,
தன் பெயருக்குக் கீழே கோடு இழுத்திருந்தான்.
மேலே கண்டோலன்சஸ். கொப்பியில் இல்லாத சொல்.
பஸ்ஸில் அகராதியைத் தட்டினேன்:
ஒருவர் இறந்ததற்கு மற்றவர்கள் தெரிவிக்கும் துக்கம்.

இறந்ததா? ஆர்?

விளங்கியபோது நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது.
ஆப்பிள் தோட்ட ஓரமாய் நடந்து திரும்பினேன், பாத்திரத்தோடு.

நடுச்சாமம் அண்ணனுக்கு எடுத்தேன்.
வவுனியாவில் கடைக்கதவு இழுபடும் சத்தம்.
கதை கேட்டு இருமி இருமிச் சிரித்தான்:
"நல்லதாப் போச்சு. செத்தவன்ட கடனை
ஆர் கேக்கப் போறாங்கள்?"
பிறகு கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"இந்த மாசம் அம்பதாயிரம் அனுப்பேலுமே?"

வியாழன், உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.
நோ, மை பிரதர் என்பதுவரை வந்தேன்.
நொரீன் மீனைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்:
மைன் டூ.
அகராதி தேவைப்படாத இரண்டு சொல்.
பிறகு ஆறு, படகு, பத்தொன்பது வயது என்றாள்,
ஒரு பூட்ஸ் மட்டும் கரைக்கு வந்ததென்றாள்.
தம்பியின் பெயரையும் சொன்னாள்.
பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது,
மீன்களும் வந்துகொண்டே இருந்தன.
என் வசனத்தில் மிச்சமிருந்த பாதியை
நான் உச்சரிக்கவில்லை.

மக்கரோனி மூன்று நாளைக்கு வந்தது.
இன்றைக்குத்தான் பாத்திரத்தைக் கழுவினேன்.
அடியில் ஒட்டிய துண்டுத் தாளில், மையினால், நொரீன் பி.
திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும்.
கொடுக்கும்போது சொல்லிவிடவேண்டும்,
அல்லது அதற்கடுத்த திங்கள்.

கொப்பியைத் திறந்து இரண்டு தரம் எழுதினேன்.

டெட்: கட்டவேண்டிய காசு. பி பேசாது.
டெட்: நொரீனின் தம்பி.
இதைக் கால் மாத்திரை கூட்டி, இழுத்துச் சொல்லவேண்டும்.